சுண்டுவிரல் நலமறிய ஆவல்

பிப்ரவரி 3

ஏற்ற இறக்கத்தையே தொழிலாகக் கொண்ட லிஃப்ட் மெக்கானிக் அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி, அதாவது இடது கால், மாவுக்கட்டில் இருக்கிறது. உன் முழு நலமறிய ஆவல்.

அம்மா உனக்கு என்ன செய்தி அனுப்பியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "வாலு விழுந்துட்டா. கால்ல கட்டு. பயப்படாதே." அம்மா துணி தைப்பது போலத்தான் செய்தியும் அனுப்புவாள், மிச்சம் வராமல் வெட்டி. முழுக்கதையை நான் சொல்கிறேன்.

குளியலறைப் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சொல்கிற வாக்கியம் ஒன்று இருக்கிறதல்லவா? அவர் வந்து முகம் கழுவும்போது மேலேயிருந்து கனத்த குரலில் அதை அவருக்கே திருப்பிச் சொல்வதாகத் திட்டம்: "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." அப்பா வருவதற்கு முன்னால் பரண் பலகை வந்துவிட்டது, என்னோடு சேர்ந்து கீழே. கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து பார்த்தாள். தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன, ஜன்னலோரச் சீட்டுப் பயணிகள் மாதிரி. பன்னிரண்டு வாரம் படுக்கை.

தண்டனையாக அப்பா என் கைபேசியை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். "எழுந்து நடந்து வந்து வாங்கிக்கோ" என்றார். அப்பாவுக்கு நகைச்சுவை வராது என்று யார் சொன்னது? அதனால்தான் இந்தக் காகிதக் கடிதம்.

என் உலகம் இப்போது இவ்வளவுதான்: மூன்று இறக்கை மின்விசிறி, அதில் ஓர் இறக்கைக்குத் தள்ளாட்டம். ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும். அம்மாவின் தையல் மிஷின் சத்தம். அவ்வளவே. என் மனசு மட்டும் ஒரு நிமிடத்துக்கு நாற்பது ஊர் போய்விட்டு வருகிறது, டிக்கெட் எடுக்காமல்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற பிசியோ அக்காவிடம் இதைச் சொன்னேன். "மனதை அமைதிப்படுத்தும் பயிற்சி" என்று இரண்டு பக்கம் நகலெடுத்துக் கொடுத்தார். முதல் பக்கம்: மூச்சைக் கவனி. கவனித்தேன். வந்தது. போனது. மறுபடி வந்தது. இது பேருந்து நிலைய அறிவிப்பாளர் வேலை இல்லையா? மனம் அலைந்தால் கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைத்து வரவேண்டுமாம். இந்த வீட்டில் என்னையே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. ராக்கெட் செய்து விட்டேன். எதிர்வீட்டுக் குழாயைத் தாண்டி அருமையாகப் போனது.

நீ ஏன் போன் செய்வதில்லை? இரண்டு மாதமாக அம்மாவுக்கு "நலம்" என்று ஒற்றைச் சொல் செய்திதான் வருகிறதாமே. மீதிச் சொற்களெல்லாம் எந்த மாடியில் மாட்டிக்கொண்டன?

இப்படிக்கு,
ஆடமுடியாத உன் வாலு


பிப்ரவரி 19

அன்புள்ள வாலு,

நலம். உன் கால் சீக்கிரம் நலமாகட்டும். அம்மா அப்பா நலம்தானே?

என் போனில் மைக் போய்விட்டது. நான் பேசுவது யாருக்கும் கேட்காது. அதனால்தான் கூப்பிடவில்லை.

அந்த இரண்டாம் பக்கத்தை ராக்கெட் செய்தது விளையாட்டுக்குத்தானே? இருந்தால் எனக்கு எழுதி அனுப்பு. எனக்கில்லை, கூட வேலை செய்கிற ஒருவனுக்கு. டிசம்பரில் அவன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், இருட்டில், ஆறு மணி நேரம். அதிலிருந்து அவனால் லிஃப்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. கதவு திறந்ததும் மனசு எங்கெங்கோ ஓடுகிறதாம். இப்போது கிடங்கில் உட்கார்ந்து திருகாணி பிரிக்கிறான்.

மேற்பார்வையாளர் மே 31 வரை தவணை கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அதே கட்டடத்தில், அதே கூரைமேல் ஏறி வேலை செய்து காட்டவேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. அவனுக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

மறக்காமல் அனுப்பு.

அண்ணா


பிப்ரவரி 26

திருகாணி நண்பரின் தூதரான அண்ணாவுக்கு,

நான் முக்கால் நலம். அம்மா நலம். அப்பா நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. காரணம் கேள். போன வாரம் பொழுது போகவில்லை. "கால் மரத்துப்போச்சு, ஒண்ணுமே தெரியல" என்று கத்தினேன். அப்பா அலுவலகத்திலிருந்து ஒரே ஓட்டமாக வந்தார், ஒரு செருப்போடு. பிசியோ அக்காவும் வந்து கால்விரலில் ஊசியால் லேசாகத் தொட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் "ஆ" என்றுவிட்டேன். அப்பா இன்னொரு செருப்பைத் தேடப் போய்விட்டார். அடிக்க இல்லை, போட்டுக்கொள்ள. அன்றிலிருந்து மௌனம்.

உன் நல்ல நேரம், இரண்டாம் பக்கம் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொடுத்தார். கீழே உள்ளபடியே எழுதுகிறேன்.

"நலவிசாரிப்புப் பயிற்சி. பயிற்சி செய்பவர் ஓரிடத்தில் அமர்ந்து தம் உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் கடிதம் எழுதவேண்டும். இடது கால் சுண்டுவிரலில் தொடங்கவேண்டும். வீட்டில் கடைக்குட்டியை யாரும் விசாரிப்பதில்லை என்பதால் முதல் மரியாதை அதற்கே. கடித வாசகம்: அன்புள்ள சுண்டுவிரலே, நான் நலம், உன் நலமறிய ஆவல். பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும். சூடு, குளிர், அரிப்பு, அழுத்தம், எது வந்தாலும் பதிலே. பதில் கிடைத்தபின் அடுத்த விரல். இப்படியே உச்சந்தலை வரை. நடுவில் மனம் எங்காவது கிளம்பினால் துரத்த வேண்டாம். தபால்காரர் தெருமுனையில் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளவும். வந்துவிடுவார். விட்ட விரலிலிருந்து தொடரவும். வரிசை மாற்றக்கூடாது. மாற்றினால் முழங்கால் கோபித்துக்கொள்ளும்."

அவ்வளவுதான். உன் நண்பர் கிடங்கில் உட்கார்ந்து கால் விரலோடு பேசுவதை யாராவது பார்த்தால் என்ன சொன்னார்கள் என்று எழுது. அதுதான் எனக்கு முக்கியம்.

இப்படிக்கு,
வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலு,

நலம். கால் எப்படி இருக்கிறது? அப்பா பேசிவிட்டாரா?

நண்பன் தினமும் செய்கிறான். மதியம் கிடங்கில் யாரும் இருக்கமாட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறான். முதல் வாரம் தபால்காரர் டீ குடிக்கவே போய்க்கொண்டிருந்தார், விரல் பக்கம் வரவேயில்லை. இப்போது பத்து விரலும் பதில் சொல்கின்றன. பாதம், கணுக்கால் எல்லாம் நலம். சில நாள் கையிலிருந்தும் ஆரம்பித்துப் பார்க்கிறான். சுட்டுவிரல் நுனி மட்டும் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும், நகம் இல்லாததால்.

ஆனால் முழங்காலுக்கு வந்ததும் நின்றுவிடுகிறான். அன்றைக்கு ஆறு மணி நேரமும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். தலைக்குமேல் பெட்டியின் இரும்புச் சட்டம், நிமிர இடமில்லை. கதவுப் பூட்டுக்கு இன்னும் ஒரு முழம் எட்டவில்லை. போன், வெளியே தரையில் வைத்த கருவிப் பையில். கூட வந்தவன், இவன் கிளம்பிவிட்டான் என்று நினைத்து அடுத்த இடத்துக்குப் போய்விட்டான். இவன் திருப்புளியால் தகரத்தைத் தட்டினான். ஆறு மணி நேரமும் தட்டினான். ஆட்கள் நடமாடுகிற கட்டடம்தான். பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை, "என்னம்மா சத்தம்?" என்று கேட்டது. அதன் அம்மா, "லிஃப்ட் ரிப்பேர் பண்றாங்கடா, வா" என்றாள்.

ஒவ்வொரு மாடிக் கதவிலும் "பழுது பார்க்கப்படுகிறது" என்று பலகை. அதை மாட்டியவனும் அவனே.

முழங்காலில் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறதா? பார்த்து எழுது.

அண்ணா


மார்ச் 27

அன்புள்ள அண்ணா,

உன் நலமறிய ஆவல். இந்த முறை நிஜமாகவே.

முழங்காலுக்கு அந்தப் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கமே இல்லை. ராக்கெட் போனது போனதுதான். எதிர்வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை. சுண்டுவிரல், தபால்காரர், டீ, கோபித்துக்கொள்ளும் முழங்கால், எல்லாம் நான் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதிய புளுகு. உன் நண்பன் கால் விரலோடு பேசி மாட்டிக்கொள்வான், நீ எழுதுவாய், நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தச் சுட்டுவிரல். கிடங்கில் இடது கை சுட்டுவிரலில் நகம் இல்லாத ஆள் எத்தனை பேர் அண்ணா? எனக்கு ஒருவரைத்தான் தெரியும். ஆறு வயதில் கதவை அடித்து அந்த நகத்தைப் பிடுங்கியது நான்தான். போனில் மைக் போகவில்லை. நீ பேசினால் அம்மா குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், அதுதானே?

அந்தப் புளுகை நம்பிக் கூரைமேல் ஏறிவிடாதே. பிசியோ அக்காவிடம் நிஜப் பக்கத்தைக் கேட்டு அனுப்புகிறேன். தாமதமானால் நீயே அங்கே ஒரு டாக்டரைப் பார்.

என் கதையிலும் ஓர் இடத்தை வெட்டித் தைத்திருந்தேன். பரணிலிருந்து விழுந்து "கொஞ்ச நேரம்" கழித்து அம்மா வந்தாள் என்று எழுதினேன் இல்லையா? நாற்பது நிமிடம். நான் கத்திக்கொண்டேதான் இருந்தேன். முன்னறையில் மிஷின் ஓடுவது கேட்டது. நடுவில் நிறுத்தி அம்மா சொன்னாள்: "போதும்டி. இன்னிக்கு நான் ஏமாறமாட்டேன்." அப்புறம் மறுபடி மிஷின். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது.

நீ தட்டினால் அது வேலை. நான் கத்தினால் அது விளையாட்டு.

புளுகாக இருந்தாலும் நானும் அந்தப் பயிற்சியை ஒருமுறை செய்து பார்த்தேன், தர ஆய்வுக்காக. வலது கால் ஐந்தும் நலம். இடது காலில் கட்டைவிரல் நலம், அடுத்தது நலம், நடுவிரல் நலம், அதற்கடுத்தது கொஞ்சம் மந்தம், ஆனாலும் பதில் வந்தது. முழங்கால் கட்டுக்குள் அரிக்கிறது என்று புகார். தலை கனம் என்று எல்லோரும் முன்பே சொன்னதுதான்.

கோபம் இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாலு


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ?

பதினெட்டு நாள் ஆகிறது. தபால் வரும் நேரம் இப்போது எனக்குச் சைக்கிள் சத்தத்திலேயே தெரியும். எதிர்வீட்டுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்கு வருகிறது. நம் வாசலில் வேகம் குறைவதேயில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சோம்பேறியாம், சேர்வதற்கு இன்னும் நாலு வாரம் வேண்டுமாம். "இன்னும் நாலே வாரம்தான்" என்றார் அப்பா. ஆமாம், அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். பேசாமலே இருந்திருக்கலாம். "நாலே" என்பதில் இருக்கிற அந்த ஏகாரத்தை இந்தப் படுக்கையில் படுத்தால்தான் அளக்க முடியும்.

பிசியோ அக்கா நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். அவருக்குப் பதிலாக வருகிறவர் கட்டைவிரலை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார். நிஜப் பக்கம் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் என் புளுகையே தினமும் செய்கிறேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது தேவலாம். இன்றைய நிலவரம்: வலது கால் முழுக்க நலம். இடது காலில் கட்டைவிரல், அடுத்தது, நடுவிரல், அதற்கடுத்தது எல்லாம் நலம். வயிறு பசிக்கிறது. கழுத்து வலிக்கிறது. பக்கத்திலிருக்கும் சுவர் தினமும் அரை அங்குலம் கிட்டே வருகிறது, அதற்கு நலம் விசாரிக்க விதியில் இடமில்லை.

நீ ஏறிவிட்டாயா? விழுந்துவிட்டாயா? ஒற்றைச் சொல்லாவது எழுது. "நலம்" என்று மட்டும் எழுதிவிடாதே.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள வாலு,

நலம் என்று எழுதக் கூடாது என்றாய். சரி. மோசமில்லை.

கோபமில்லை. உன் கடிதம் வந்த அன்று கிடங்கில் தனியாகச் சிரித்தேன், நாலு மாதத்தில் முதல் தடவை. அப்புறம் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான்தான் அந்த நண்பன். டாக்டரையும் பார்த்தேன். அவரும் ஏறக்குறைய உன் இரண்டாம் பக்கத்தைத்தான் சொன்னார், டீ மட்டும் இல்லை. நான் டீயோடு செய்துகொள்கிறேன்.

முழங்காலுக்கு வழி கிடைத்தது. அங்கே நின்றுவிட்டால் மேலே போக முயல்வதில்லை. "மண்டிபோட்டது வலிக்குதா?" என்று கேட்கிறேன். வலிக்கிறது என்கிறது. சரி, இரு என்கிறேன். முன்பு அதனிடம் "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்திக்கொண்டிருந்தேன். தினமும் வேலை முடிந்ததும் கிடங்குக் கட்டடத்து லிஃப்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். முழங்கால் வரை விசாரித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். கதவை மூட இன்னும் முடியவில்லை. மே 31க்கு ஐந்து வாரம் இருக்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எங்கள் வேலையில் ஒரு சோதனைத் தாள் உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து டிக் போடவேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால், மறந்துவிட்டான் என்று நாங்கள் நினைப்பதில்லை. பார்த்தான், சொல்லப் பயப்படுகிறான் என்றுதான் நினைப்போம். உன் இரண்டு கடிதத்திலும் இடது காலுக்கு நாலு விரல்தான் இருக்கிறது. முதல் மரியாதை அதற்கு என்று நீயே எழுதினாய். ஐந்தாவது எங்கே?

அண்ணா


ஏப்ரல் 30

துப்பறியும் அண்ணாவுக்கு,

ஐந்தாவது விடுப்பில் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை.

இந்த வரிக்குக் கீழே மூன்று நகைச்சுவை எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்த இடம் உனக்குத் தெரியும்.

அது பதில் சொல்வதில்லை அண்ணா. மார்ச் கடைசியில் தர ஆய்வு செய்தபோதுதான் தெரிந்தது. முதலில் டீ குடிக்கப் போயிருக்கிறது என்று காத்திருந்தேன். தினமும் எழுதுகிறேன், ஒன்றும் வருவதில்லை. சூடில்லை, குளிரில்லை. அம்மா போர்வையை அதன்மேல் இழுத்துவிடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். யாரோ ஒருவருடைய விரலை என் காலில் ஒட்டிவைத்தது போல இருக்கிறது. இந்த வாரம் பக்கத்து விரலும் குரலைத் தாழ்த்திவிட்டது.

சொல்லலாம்தான். எப்படிச் சொல்வது? "கால் மரத்துப்போச்சு" என்ற வாக்கியத்தை பிப்ரவரியிலேயே செலவழித்துவிட்டேன். போன வாரம் ஒருமுறை அம்மாவிடம் ஆரம்பித்தேன். "அம்மா, இந்த விரல்..." என்றதும் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். "விரலுக்கு என்ன ஜோக் இன்னிக்கு?" என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் அது ஒரு கஷ்டம். நம்பிவிட்டால் அதைவிடக் கஷ்டம், கட்டைப் பிரிப்பார்கள், காலைத் திறப்பார்கள், மறுபடி முதலிலிருந்து படுக்கை. விரல் செத்துவிட்டது என்று அவர்கள் வாயால் கேட்காதவரை அது வெறும் மௌனவிரதம்தான்.

யாரிடமும் சொல்லாதே. நீ "நண்பன்" என்று எழுதியபோது நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதே கணக்கு.

உன் கதவு மூடியதா?

வாலு


மே 4

வாலு,

இந்தக் கடிதம் வருவதற்குள் என் குரல் வந்திருக்கும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்டுக்கொண்டதை மீறித்தான் சொன்னேன்.

நீ எத்தனை நாள் பேசாமலிருக்கிறாயோ இரு. நான் இன்று கிளம்புகிறேன்.

அண்ணா


மே 22

அன்புள்ள அண்ணா,

நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன். நீ திரும்பிப்போய் ஒரு வாரம் ஆகிறது. நலமாகப் போய்ச் சேர்ந்தாயா?

உன் மே 4 கடிதம் நேற்றுதான் வந்தது. இவ்வளவு சாவகாசமான தபால்காரரை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீ கூடவே இருந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் உன் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாதவை இரண்டு உண்டு.

ஒன்று, அந்தப் போன். அம்மா தைத்துக்கொண்டே பேசுவதற்காக ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ஐந்து மாதம் கழித்து உன் குரல். "அம்மா" என்று மட்டும் சொன்னாய். மிஷின் நின்றுவிட்டது. "என்னடா ஆச்சு உனக்கு?" என்றாள். நீ பயந்தபடியே ஒரே சொல்லில் கண்டுபிடித்துவிட்டாள். "என்னை விடு. வாலுவோட கால் விரலைப் போய்ப் பாரு. உணர்ச்சி இல்ல." அம்மா சிரித்தாள் அண்ணா. அவள் மேல் தப்பில்லை. "உனக்கும் எழுதிட்டாளா? போன தடவை உங்கப்பா..." என்று ஆரம்பித்தாள். அப்போது நீ சொன்னாய்: "அம்மா, அவ தட்டிட்டே இருக்கா. ரிப்பேர் சத்தம்னு நெனச்சுக்காதீங்க."

அம்மாவுக்கு அதன் அர்த்தம் புரிந்திருக்காது. ஆனாலும் வந்தாள். கையில் ஊசியோடு வந்தாள். சுவரைப் பார்த்துக்கொள் என்றாள். பார்த்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. "குத்தலையா?" என்று திரும்பினேன். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட். அறுவை அரங்கு ஆறாவது மாடி. அம்மாவும் அப்பாவும் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், "நீங்க போங்க, நான் படியில வந்துடறேன்" என்றாய். அவரும் சரி என்று தள்ளினார். நீயும் வா என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். மல்லாந்து கிடந்ததால் உன் செருப்புச் சத்தம்தான் கேட்டது. படிக்கட்டுப் பக்கம் நாலு அடி. அப்புறம் சத்தமில்லை. கதவு பாதி மூடும்போது நடுவே உன் கை வந்தது, நகமில்லாத அந்த விரலோடு.

கதவு மூடியது அண்ணா. உன் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. ஸ்ட்ரெச்சர் விரிப்பைவிட வெளுப்பாக இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. தள்ளுகிறவர், "தம்பிக்கு லிஃப்ட்னா பயமா?" என்றார். நீ, "மெக்கானிக்குங்க" என்றாய். மூன்றாவது மாடியில் உன் கண் மூடியது. முழங்கால் என்று நினைத்துக்கொண்டேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நானும் மூச்சை நிறுத்திவிட்டேன். ஆறில் கதவு திறந்தபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ என் இடது கால் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். எத்தனை மாடியாகப் பிடித்திருந்தாயோ, எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நான்: கட்டு அழுத்திக்கொண்டிருந்த நரம்பை விடுவித்துவிட்டார்கள். புதுக் கட்டு, கொஞ்சம் தளர்வாக. இன்னும் ஏழு வாரம் இதே மின்விசிறி, இதே சுவர். பக்கத்து விரலுக்குக் குரல் திரும்பிவிட்டது. சுண்டுவிரல் திரும்ப வரலாம், வராமலும் போகலாம், காத்திருக்கவேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா என் தலைமாட்டில் உட்கார்ந்து தானாகவே சொன்னார்: "உன் கோரிக்கை பரிசீலனையில இருக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

31க்கு ஒன்பது நாள். முடியாவிட்டால் முடியவில்லை என்றே எழுது.

வாலு


மே 31

அன்புள்ள வாலு,

நலமா? கடைக்குட்டி நலமா?

இன்று ஏறினேன். அதே கட்டடம், அதே கூரை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நானே நிறுத்தச் சொன்னேன். மண்டிபோட்டு உட்கார்ந்தேன். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தேன். மேலேயிருந்து கூட்டாளி, "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று கத்தினான். "விசாரிச்சிட்டிருக்கேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, ஆனால் நான் உச்சந்தலை வரை போகும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அது போதுமாக இருந்தது. அப்புறம் வடத்தை இறுக்கினேன், வேலை முடிந்தது. மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார். வேலை இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இறங்கும்போது ஐந்து மாடியும் படியில்தான் இறங்கினேன். நாளைக்கும் ஏறவேண்டும். நாளை மறுநாளும்.

அங்கே ஒவ்வொரு மாடியிலும் மாட்டுகிற பலகையில் என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "தட்டும் சத்தம் கேட்டால் ஒருமுறை குரல் கொடுங்கள்." மேற்பார்வையாளர் இன்னும் பார்க்கவில்லை.

அம்மாவிடம் போனில் பேசினேன்.

அண்ணா


ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

நான் முக்கால் நலத்துக்குக் கொஞ்சம் மேலே. உன் நலமும் உன் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

சுவர் அங்கேயேதான் இருக்கிறது. விசிறி இறக்கையின் தள்ளாட்டத்தை அப்பா சரி செய்துவிட்டார், இப்போது பார்ப்பதற்கு அதுவும் இல்லை. மனசு இன்றும் நாற்பது ஊர் போய்விட்டுத்தான் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை வழக்கம்போல் சுண்டுவிரலுக்கு எழுதினேன். நான் நலம், உன் நலமறிய ஆவல். வழக்கம்போல் காத்திருந்தேன். முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தொட்டது போல ஒன்று. எறும்போ என்று பார்த்தேன். எறும்பில்லை. மறுபடி ஒருமுறை, உள்ளேயிருந்து.

"அம்மா" என்றேன். கத்தவில்லை. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

மிஷின் நின்றது.

வாலு